கண்டியில் தொடங்கும் வீதி

கொழும்பிலிருந்து ஏறிவரும் ஏ1 வீதி, கடுகண்ணாவைக் கணவாயில் கேகாலை மாவட்டத்தை விட்டுக் கண்டி மாவட்டத்துக்குள் நுழைகிறது. அந்த வீதியை அமைத்த கப்டன் டோசனின் நினைவாக அங்கே ஒரு கோபுரம் நிற்கிறது. கல்லுடைத்தவர்களுக்கும் மண் சுமந்தவர்களுக்கும் கோபுரம் இல்லை. அது ஒருபுறமிருக்க, இங்கே நமக்கு வேண்டியது அந்த மலைச்சரிவில் ஓடும் மாகாண எல்லை. கடுகண்ணாவை ஊர் இருப்பது மத்திய மாகாணத்தில். சில வளைவுகள் கீழே இறங்கினால் சப்ரகமுவ. 1994இன் இறுதியில் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க, காணாமற்போனவர்களைப் பற்றி விசாரிக்க மூன்று ஆணைக்குழுக்களை மாகாண வாரியாக நியமித்தார். அப்போது கணவாய்க்கு மேலே மகனைப் பறிகொடுத்தவள் ஓர் ஆணைக்குழுவிடமும், கீழே பறிகொடுத்தவள் இன்னோர் ஆணைக்குழுவிடமும் போக வேண்டியிருந்தது. வடக்கு, கிழக்குக்கு மூன்றாவது ஒன்று. மேல், தென், சப்ரகமுவ மாகாணங்களுக்கான ஆணைக்குழுவுக்கு மனோரி முத்தெட்டுவேகம என்ற பெண் சட்டத்தரணி தலைமை வகித்தார். 16,000க்கும் மேற்பட்டோர் காணாமற்போனது உண்மை என்று மூன்று ஆணைக்குழுக்களும் சேர்ந்து கண்டறிந்தன. முறைப்பாட்டுத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வாசல்களில் நின்றவர்களில் தாய்மாரும் மனைவியருமே அதிகம்.

போருக்குப் பின்னர் பெண்களின் தலைமைத்துவத்தை வளர்ப்பது பற்றிப் பேசும் கருத்தரங்குகள் ஒரு நம்பிக்கையோடுதான் தொடங்குகின்றன. தலைமை இனிமேல்தான் வர வேண்டும், அதைப் பயிற்சி கொடுத்து வரவழைக்க வேண்டும் என்பது அந்த நம்பிக்கை. கண்டியிலிருந்து கிளிநொச்சி வரையிலான நாற்பது ஆண்டு அனுபவம் அதற்கு இடம் கொடுப்பதில்லை. பொலிஸ் நிலையத்துக்கும் முகாமுக்கும் கச்சேரிக்கும் முதலில் போனவர்கள் பெண்கள். அயலிலுள்ள மற்றத் தாய்மாரைத் திரட்டிக்கொண்டு போனவர்களும் அவர்களே. ஆண்கள் வெளியே வந்தால் பிடிபடுவார்கள் என்ற நிலையில் வேறு யாராலும் போயிருக்கவும் முடியாது. ஆகவே இந்த நாட்டில் தலைமைக்குப் பஞ்சம் இருந்ததில்லை. அந்தத் தலைமை கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டுப்பட்ட ஒருவர்தான் இல்லாமற்போனார். பெண்களின் சமாதான முயற்சி எங்கெல்லாம் தானாக இயங்கும் ஒரு விதியாக மாறியதோ அங்கெல்லாம் அது நிலைத்தது. நல்லெண்ணத்தை நம்பி விடப்பட்ட இடங்களில் கரைந்துபோனது. இந்த வாதத்துக்கு நல்ல சான்று தருவது கண்டி நகரம்.

கண்டி போர்க்களமாக இருந்ததில்லை. ஆனால் போர் அங்கே வராமலும் இல்லை. 1998 ஜனவரி 25ஆம் திகதி, சுதந்திரத்தின் பொன்விழாவுக்குச் சில நாட்களுக்கு முன், வெடிமருந்து நிரப்பிய லொறியைக் கொண்டு விடுதலைப் புலிகள் தலதா மாளிகையைத் தாக்கினார்கள். அதே ஆண்டு செப்டெம்பரில் கிளிநொச்சி புலிகளின் கையில் வீழ்ந்தது. அந்தச் சண்டையில் காணாமற்போனவர்களில் ஓர் இளம் இராணுவ அதிகாரி, கண்டியைச் சேர்ந்த விசாகா தர்மதாசவின் மகன். அந்த ஆண்டே, நடவடிக்கையின்போது காணாமற்போன படையினரின் பெற்றோரை அவர் ஓர் அமைப்பாகத் திரட்டினார். அதையடுத்து 2000ஆம் ஆண்டில் யுத்தத்தால் பாதிக்கப்பட்ட பெண்கள் சங்கம் கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு பிறந்தது. வெற்றியும் தோல்வியும் மட்டுமே செய்தியாக இருந்த அக்காலத்தில், ஒரு படைவீரனின் தாய் தன் அரசைப் பார்த்து ‘என் மகன் எங்கே?’ என்று கேட்பதே சங்கடமான காரியம். களத்தில் எத்தனை பேர் இல்லாமற்போனார்கள் என்ற எண்ணிக்கை போரின் வெற்றிக் கணக்கோடு முரண்படும் என்பதால், அந்தக் கேள்வியை எழுப்பாமல் விடுவதையே அரசுகள் விரும்பும்.

விசாகாவும் அவரோடு சேர்ந்த தாய்மாரும் செய்தவற்றில் இரண்டு காரியங்கள் கவனத்துக்குரியவை. ஒன்று, அவர்கள் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கே போனார்கள். அங்கே இயக்கத்தின் தலைவர்களைச் சந்தித்தார்கள்; பிள்ளைகளை இழந்த தமிழ்த் தாய்மாரோடும் உட்கார்ந்து பேசினார்கள். இரண்டாவது, படைவீரர் ஒவ்வொருவரும் கழுத்தில் அடையாளத் தகடு அணிய வேண்டும் என்று இயக்கம் நடத்தினார்கள். முதலாவது காரியம் உலகெங்கும் பாராட்டப்பட்டது. எதிரெதிர்த் தரப்புத் தாய்மார் கைகோத்து நிற்கும் புகைப்படத்துக்கு ஒரு கவர்ச்சி உண்டு. ஆனால் நான் இரண்டாவதையே பெரிதாக மதிக்கிறேன். தகடு என்பது சிறிய உலோகத் துண்டு. அது இருந்தால், உடலைக் கண்டெடுத்தவன் நண்பனானாலும் பகைவனானாலும், அது யாருடைய உடல் என்பதை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ‘மகன் எங்கே’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பை மனிதரின் மனச்சாட்சியிடமிருந்து எடுத்து ஒரு பொருளிடம் ஒப்படைக்கும் யோசனை அது. துக்கத்திலிருந்து இவ்வளவு துல்லியமான ஒரு நிர்வாகக் கோரிக்கையை உருவாக்கத் தெரிந்தவர்களுக்குத் தலைமைத்துவப் பயிற்சி எதற்கு?

இங்கே மொழியையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். தெற்கில் படையினரின் பெற்றோர் ‘காணாமற்போனோர்’ என்று சொல்கிறார்கள். வடக்கிலும் கிழக்கிலும் போராடும் குடும்பங்கள் அந்தச் சொல்லை ஏற்பதில்லை. ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்றே சொல்வார்கள், எழுதுவார்கள், பதாகையில் பிடிப்பார்கள். ‘போன’ என்றால் போனவன் தானே போனான். ‘ஆக்கப்பட்ட’ என்றால் ஆக்கியவன் ஒருவன் இருக்கிறான். ஒரு வினைச்சொல்லுக்குள் ஒரு குற்றப்பத்திரிகையே இருக்கிறது. 2009 மே மாதத்தில் தம் கண்முன்னே கணவனையும் மகனையும் படையினரிடம் கையளித்ததாகச் சாட்சி சொல்லும் பெண்கள், ‘போனார்’ என்ற சொல்லைப் பொறுத்துக்கொள்வது எப்படி? அரசு 2016இல் சட்டம் இயற்றி அமைத்த நிறுவனத்தின் தமிழ்ப் பெயரோ ‘காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்’. பெயர்ப்பலகையிலேயே பிணக்கு தொடங்கிவிட்டது. இரு தரப்புத் தாய்மாரும் ஒரே வட்டத்தில் உட்காரும்போது, அவர்களுக்கு இடையே இருக்கும் மொழிபெயர்ப்பாளர் தாண்ட வேண்டிய பள்ளம் சிங்களத்துக்கும் தமிழுக்கும் நடுவே மட்டும் இருக்கவில்லை. இந்த இரண்டு வினைச்சொற்களுக்கும் நடுவேயும் அது கிடக்கிறது.

கண்டி அமைப்பின் வழிமுறை மீது சொல்லப்படும் முதல் ஆட்சேபம் இதிலிருந்துதான் எழுகிறது. இரு தரப்புத் தாய்மாரும் ஒரே துக்கம் உடையவர்கள் என்று சொல்வது, அவர்களின் நிலை சமம் என்ற தோற்றத்தைத் தருகிறது. அது பொய்த்தோற்றம் என்கிறார்கள் விமர்சகர்கள். அந்த விமர்சனத்தில் உண்மை இருக்கிறது. படைவீரன் சீருடை அணிந்து களத்துக்குப் போனவன். அவன் பெயர் இராணுவப் பதிவேட்டில் உண்டு. அவன் குடும்பத்துக்கு அரசிடமிருந்து பணமும் மரியாதையும் கிடைத்தன. போர் முடிந்த இடமான முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியே வந்தவளுக்குக் கிடைத்தவை விசாரணையும் கண்காணிப்பும். சர்வதேச செஞ்சிலுவைக் குழு தன்னிடம் பதிவான 16,000க்கும் மேற்பட்ட காணாமற்போனோரில் ஏறத்தாழ 5,100 பேர் படையினரும் பொலிசாரும் என்று கூறியது. மிச்சமுள்ளவர்கள் எல்லாம் மற்றவர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அப்படியொரு இராணுவப் பதிவேடு இல்லை. இவற்றை ஒப்புக்கொண்ட பிறகும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. விசாகாவின் கோரிக்கை சமத்துவத்தின் மேல் நின்ற ஒன்றல்ல. பதிவேடும் சீருடையும் உள்ளவனுக்கே அரசு பதில் சொல்லவில்லை என்ற உண்மையை அது அம்பலப்படுத்தியது. தன் படைவீரனின் தாய்க்கே கணக்குச் சொல்லாத அரசு, தான் சந்தேகிக்கும் ஒருத்திக்குச் சொல்லப் போவதில்லை. அந்த அளவில் இரண்டு கேள்விகளும் ஒரே வாசலில்தான் நின்றன.

தாய்மை என்ற பெயரில் நடத்தும் அரசியல் எவ்வளவு தூரம் போகும் என்பது இரண்டாவது கேள்வி. 1984இல் யாழ்ப்பாணத்தில் இளைஞர்கள் கூட்டம்கூட்டமாகக் கைதானபோது அன்னையர் முன்னணி கச்சேரியை நோக்கி ஊர்வலம் போனது. தெற்கிலும் பிள்ளைகள் காணாமற்போக, 1990இல் மாத்தறையில் தென்னிலங்கையின் அன்னையர் முன்னணி உருவானது. அதன் தலைவி, கொலையுண்ட பத்திரிகையாளர் ரிச்சட் டி சொய்சாவின் தாயான மருத்துவர் மனோரணி சரவணமுத்து. அதை ஒழுங்கமைத்தவர்கள் எதிர்க்கட்சி அரசியல்வாதிகளான மங்கள சமரவீரவும் மஹிந்த ராஜபக்ஷவும். 1992இல் அந்தத் தாய்மார் கொழும்பு முகத்துவாரம் காளி கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்து, மண்ணை வாரித் தூற்றாத குறையாக ஆட்சியாளரைச் சபித்தார்கள். நீதிமன்றத்தில் கிடைக்காத நியாயத்தைத் தேடிச் சிங்களப் பௌத்தத் தாய்மார் தமிழ்க் கோயிலுக்குப் போனது தனியே எழுத வேண்டிய கதை. மானிடவியலாளர் மாலதி டி அல்விஸ் இந்த இயக்கத்தைக் கூர்ந்து ஆராய்ந்தவர். தாய் என்ற நிலை பெண்களுக்கு அடக்குமுறைக் காலத்தில் தெருவுக்கு வர ஓர் இடம் கொடுத்தது, ஆனால் அந்த இடம் நிலையற்றது என்பது அவருடைய முடிவு. நடந்ததும் அதுதான். 1994இல் ஆட்சி மாறியது. தாய்மாரின் கண்ணீரை மேடையில் வைத்த கட்சி அரியணை ஏறியது. முன்னணி மெல்ல மறைந்தது. அன்று தாய்மாருக்காக ஜெனீவாவரை போன மஹிந்த ராஜபக்ஷ பின்னாளில் ஜனாதிபதியானார். அவர் ஆட்சியில்தான் கிளிநொச்சித் தாய்மார் அதே கேள்வியைக் கேட்கத் தொடங்கினார்கள்.

அந்த இயக்கத்தின் எச்சமாக நின்றவை ஆணைக்குழுக்கள்தாம். அவை விசாரித்தன, எழுதின, பட்டியலிட்டன, இழப்பீட்டுக்கு வழி செய்தன. ஆனால் பெயர் குறிப்பிடப்பட்டவர்களைத் தண்டிக்கும் கட்டாயம் யாருக்கும் விதிக்கப்படவில்லை. தண்டனை பெற்றவர்கள் அரிதினும் அரிது. 2012 நவம்பரில் கண்டிக்கு வடக்கேயுள்ள மாத்தளையில், அரச மருத்துவமனை வளவில் கட்டட வேலைக்காக மண்ணைத் தோண்டியபோது நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. 1980களின் இறுதியில் பிள்ளைகளை இழந்த தாய்மார் மீண்டும் வந்து நின்றார்கள். அந்த எலும்புகள் எந்தக் காலத்தவை என்பதிலேயே வழக்கு மூழ்கிப்போனது.

பேச்சுவார்த்தை மேசையில் பெண்களுக்கு இடம் வேண்டும் என்பது 2000 ஒக்டோபரில் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய 1325ஆம் தீர்மானத்தின் சாரம். இலங்கையில் அதற்கு ஒரு வாய்ப்பு வந்தது. 2002இன் போர்நிறுத்தத்துக்குப் பின் நடந்த பேச்சுகளில் அரசின் முதன்மைக் குழுவில் ஒரு பெண்ணும் இல்லை. பெண்களுக்கென்று தனியாக ஓர் உபகுழு அமைத்தார்கள். அரசுத் தரப்புக்குக் குமாரி ஜயவர்தனவும் புலிகள் தரப்புக்குத் தமிழினியும் தலைமை வகித்தார்கள்; ஒவ்வொரு பக்கமும் ஐந்து பேர். 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் கூடினார்கள். மீள்குடியேற்றம், பாதுகாப்பு, அரசியல் பிரதிநிதித்துவம் என்று வேலைத்திட்டம் வகுத்தார்கள். ஏப்ரலில் புலிகள் பேச்சிலிருந்து விலகினார்கள். பெரிய மேசை கவிழ்ந்ததும் சிறிய மேசையும் கவிழ்ந்தது. அதே ஆண்டில் லைபீரியப் பெண்கள், லேமா குபோவியின் தலைமையில், அக்ராவில் பேச்சு நடந்த மண்டபத்தின் வாசலை அடைத்து உட்கார்ந்து, உடன்பாடு இல்லாமல் வெளியே விடமாட்டோம் என்றார்கள். ஓகஸ்டில் உடன்பாடு கையெழுத்தானது. இரண்டு நாட்டுப் பெண்களின் திறமையிலும் துணிவிலும் நான் வேறுபாடு காணவில்லை. லைபீரியப் பெண்கள் முதன்மை மண்டபத்தின் வாசலைப் பிடித்தார்கள். நம் பெண்களுக்குப் பக்கத்து அறை கொடுக்கப்பட்டது. பிறகு 2009 மேயில் போர் உடன்பாட்டால் அல்லாமல் ஒரு தரப்பின் முழு வெற்றியால் முடிந்தபோது, மேசை என்ற ஒன்றே இல்லாமற்போனது. 1325இன்படி ஒரு தேசியச் செயற்திட்டத்தை இலங்கை ஏற்றுக்கொண்டது 2023இல்.

மேசை இல்லாத நாட்டில் பெண்களுக்குக் கிடைத்தது ‘வலுவூட்டல்’. 2010இல் பிரதி அமைச்சர் ஒருவர் வடக்கிலும் கிழக்கிலும் போரால் விதவைகளானோர் 89,000 பேர் என்றார்: கிழக்கில் 49,000, வடக்கில் 40,000. அந்த எண்ணைச் சுற்றி ஒரு தொழிற்துறையே எழுந்தது. கோழிக்குஞ்சு, ஆடு, தையல் இயந்திரம், இரண்டு நாள் பயிற்சிப்பட்டறை, சான்றிதழோடு ஒரு குழுப்படம். அதன்பின் நுண்கடன் நிறுவனங்கள் வந்தன. கடன் வாரத்தவணையாக வசூலானது. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். வீட்டு வாசலில் வசூலிப்பவர் வந்து நிற்பார். 2018இல் அரசு தலையிட்டு, வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் பட்ட ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. 2021 மார்ச் 8இல் பொலன்னறுவை மாவட்டம் ஹிங்குராங்கொடையில் பெண்கள் சத்தியாக்கிரகமே தொடங்கினார்கள். ஆய்வாளர் டாரினி ராஜசிங்கம் சேனநாயக்க போர்க்காலத் தமிழ்ப் பெண்களைப் பற்றி எழுதியபோது, அவர்களுக்குக் கிடைத்த புதிய பொறுப்புகளை வலிமை என்று சொல்லவும் முடியவில்லை, வெறும் சோகம் என்று ஒதுக்கவும் முடியவில்லை என்று காட்டினார். போருக்குப் பின்னர் அந்தச் சிக்கலான வலிமையை எடுத்துத் தவணை அட்டையாக மாற்றிவிட்டார்கள். வருமானம் வேண்டாம் என்று எவரும் சொல்லமாட்டார். ஆனால் காணியையும் மகனையும் கேட்டு வந்தவளிடம் ஆட்டுக்குட்டியைக் கொடுத்து அனுப்புவது, கேள்வியை மாற்றிக் கேட்கச் சொல்வதற்குச் சமம்.

2016இல் அவர்களின் கேள்வியை அவர்களின் சொற்களிலேயே கேட்டு எழுத ஒரு முயற்சி நடந்தது. நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றி மக்கள் கருத்தறிய அரசு அமைத்த கலந்தாலோசனைச் செயலணியின் 11 உறுப்பினரில் ஆறு பேர் பெண்கள். தலைவி, 1994இல் நாம் பார்த்த அதே மனோரி முத்தெட்டுவேகம. உறுப்பினர்களில் ஒருவர் கண்டியின் விசாகா தர்மதாச. இன்னொருவர் பேராசிரியர் சித்ரலேகா மௌனகுரு. நாடு முழுவதும் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கருத்துகளைத் திரட்டினார்கள். வலயக் குழுக்கள் ஊர் ஊராகப் போயின. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாயும் காணாமற்போன படைவீரனின் தாயும் ஒரே அறிக்கைக்குள் வந்தது அதுவே. 2017 ஜனவரி 3இல் அறிக்கை கையளிக்கப்பட்டபோது ஜனாதிபதியும் பிரதமரும் வரவில்லை. வாங்கிக்கொண்டவர் முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க. 22 ஆண்டுகளுக்கு முன் ஆணைக்குழு நியமித்தவரும் அறிக்கை எழுதியவரும் மீண்டும் எதிரெதிரே நின்றார்கள். பெண்கள் தலைமையேற்றார்கள், பெண்கள் சாட்சி சொன்னார்கள், பெண் ஒருவரே பெற்றுக்கொண்டார். பதில் சொல்ல வேண்டியவர்கள் அந்த மண்டபத்திலேயே இல்லை. ஏழு வாரம் கழித்து, பெப்ரவரி 20இல், கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலருகே ஏ9 வீதியோரம் தாய்மார் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அந்த வீதி தொடங்கும் இடம் கண்டி.

இவற்றோடு ஒப்பிட, விதியாக மாறிய ஒன்றைச் சொல்கிறேன். உள்ளூராட்சி மன்றங்களில் 25 சதவீதம் பெண்களுக்கு என்று 2016இல் சட்டத்திருத்தம் வந்தது. அதற்கு முன் அந்த மன்றங்களில் பெண்கள் இரண்டு சதவீதத்தையும் எட்டவில்லை. 2018 பெப்ரவரி 10ஆம் திகதி தேர்தலுக்குப் பின் 22 சதவீதத்தைத் தாண்டினார்கள். கடுகண்ணாவை நகர சபை போன்ற சிறிய சபைக்கும் அதே விதிதான். இந்த இடங்களில் பெரும்பாலானவை வட்டாரத்தில் வென்றவை அல்ல. கட்சிச் செயலாளர் மேலதிகப் பட்டியலிலிருந்து பெயர் கொடுத்து நிரப்பியவை. அதனால் இவர்கள் கட்சிக்காரரின் மனைவியரும் தங்கையரும்தானே, கைப்பொம்மைகள்தானே என்ற கேலி எழுந்தது. சிலர் விடயத்தில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதே சபைகளில் தந்தையின் ஆசனத்தில் உட்கார்ந்த மகன்களையும் அண்ணனின் பெயரால் வென்ற தம்பிகளையும் பார்த்து எவரும் பொம்மை என்று சொல்வதில்லை. கவனிக்க வேண்டியது சட்டத்தின் அமைப்பு: பெண் பெயர்கள் போதாதென்றால் பட்டியல் முழுமையாகாது. கட்சிகள் விரும்பி இதைச் செய்யவில்லை. செய்யாமல் இருக்க வழியில்லாததால் செய்தன. எண்பது ஆண்டு வேண்டுகோளால் நகராத எண் ஒரே தேர்தலில் பத்து மடங்காகியது. அந்தச் சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்து, தேர்தல் தள்ளிப்போடப்பட்டு, 2025 மே 6வரை நாடு அநேகமாக உள்ளூராட்சி உறுப்பினரே இல்லாமல் இருந்தது. விதி இருந்தும் மன்றம் இல்லாவிட்டால் பயனில்லை என்பதையும் அந்த இரண்டு ஆண்டுகள் காட்டிவிட்டன.

பெண்கள் பதவிக்கு வந்தால் சமாதானம் வந்துவிடும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த வாதம் உலகில் வேறெங்கும் நிற்கலாம், இலங்கையில் நிற்காது. உலகின் முதற் பெண் பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்கவே 1964 ஒக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியோடு கையெழுத்திட்டு, ஐந்தேகால் இலட்சம் மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப உடன்பட்டவர். கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் இரண்டாகப் பிளந்து ரயிலேறியது அந்த உடன்பாட்டால். அவருடைய மகள் சமாதானம் பேசி ஆட்சிக்கு வந்து, சமாதானத்துக்கான யுத்தம் என்ற பெயரில் 1995இல் யாழ்ப்பாணத்துக்குப் படை அனுப்பினார். பெண் என்பது ஒரு கொள்கையல்ல. சாட்சியத்தோடு வந்தவளை அதிகாரம் எப்படி நடத்துகிறது என்பதுதான் அளவுகோல். அந்த அதிகாரத்தில் இருப்பவர் சேலை கட்டியவரா, வேட்டி கட்டியவரா என்பது இரண்டாம் பட்சம். 

இன்னொரு சோதனையும் கண்டியில்தான் நடந்தது. உள்ளூராட்சித் தேர்தல் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. புதிய சபைகள் இன்னும் கூடவில்லை. தெல்தெனியவில் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் 2018 மார்ச் தொடக்கத்தில் இறந்தார். அதையடுத்துத் திகனையிலும் அயல் ஊர்களிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. மார்ச் 6இல் அவசரகாலச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. 1915இல் இதே கண்டியில் மூண்ட கலவரத்துக்கு நூறாண்டு கடந்தும் கதை மாறவில்லை. சமாதானக் கட்டியெழுப்பல் என்பது வன்னிக்கு மட்டும் உரிய மருந்து என்று நினைத்தவர்களுக்குத் திகனை பதில் சொன்னது. பெண்கள் குழுக்கள், மதத் தலைவர்களின் வட்டமேசைகள், நல்லிணக்கப் பயிற்சிகள் எல்லாம் இம்மாவட்டத்தில் பல ஆண்டுகளாக இருந்தவைதாம். கும்பல் வரும் இரவில் அவற்றின் சொல்லுக்குப் பொலிஸ் நிலையம் கட்டுப்பட வேண்டியிருக்கவில்லை. அயலவரைத் தம் வீட்டில் ஒளித்துக் காப்பாற்றும் நல்ல மனிதர்கள் எல்லாக் கலவரத்திலும் உண்டு. ஆனால் ஒரு நாடு தன் பாதுகாப்பை அயலவரின் நல்ல மனத்திடம் ஒப்படைக்க முடியாது.

இந்த வாதத்துக்கு வரக்கூடிய மிக வலுவான மறுப்பு ஒன்று மிச்சமிருக்கிறது. விதி, விதி என்கிறீர்களே, காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகமும் ஒரு சட்டம்தானே? 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் தானே? 2018இல் ஆணையாளர்கள் நியமிக்கப்பட்டார்களே, ஏன் தாய்மார் இன்னும் வீதியில் இருக்கிறார்கள்? சரியான கேள்வி. அந்தச் சட்டத்தை வாசித்தால் பதில் கிடைக்கிறது. அலுவலகத்துக்குத் தேடும் அதிகாரம் உண்டு. அதன் முடிவுகளால் யாருக்கும் குற்றப் பொறுப்போ குடியியல் பொறுப்போ எழாது. விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற ஏற்பாடும் உண்டு. எத்தனை நாளுக்குள் என்ற வரையறை இல்லை. செய்யலாம் என்று எழுதிய இடங்கள் அதிகம், அலுவலகமே செய்யாவிட்டால் என்ன என்று எழுதிய இடம் இல்லை. பெண்களுக்கான ஒதுக்கீட்டுச் சட்டம் கட்சிகளை நம்பவில்லை, அதனால் வேலை செய்தது. இந்தச் சட்டம் அதிகாரிகளை நம்பியது. பல தாய்மாரும் தந்தையரும் ஏ9 வீதியோரக் கொட்டகைகளிலிருந்து பதில் அறியாமலேயே சுடுகாட்டுக்குப் போய்விட்டார்கள்.

நாள் குறித்துப் பதிலைக் கட்டாயமாக்கும் சட்டத்துக்கு உதாரணம் தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. அதே 2016இல், அதே நாடாளுமன்றம், 12ஆம் இலக்கச் சட்டமாகத் தகவல் அறியும் உரிமையை நிறைவேற்றியது. அதன்படி கடுகண்ணாவையில் ஒருவர் தன் தெருவில் போட்ட கொங்கிறீற்றுக்கு எவ்வளவு செலவானது என்று நகர சபையிடம் எழுதிக் கேட்டால், தகவல் அலுவலர் 14 வேலைநாட்களுக்குள் தன் முடிவை அறிவிக்க வேண்டும். தவறினால் மேன்முறையீடு உண்டு, ஆணைக்குழு உண்டு. மகன் எங்கே என்று கேட்பவளுக்கு அப்படி ஒரு நாட்கணக்கு இல்லை. அவளுக்கு வேண்டிய பிரிவு இதுதான்: முறைப்பாடு செய்த ஒவ்வொருவருக்கும் அவரவர் மொழியில், எழுத்தில், குறித்த நாளுக்குள் பதில். அது வராவிட்டால் பொறுப்பான அதிகாரிக்கு எதிராக முறையிட ஓரிடம். 2024 நவம்பரில் இலங்கை நாடாளுமன்றத்துக்கு முன்னெப்போதையும்விட அதிகமான பெண்கள் தெரிவாகியிருக்கிறார்கள். மலையகத் தமிழ்ப் பெண்களும் முதன்முறையாக அங்கே இருக்கிறார்கள். பிரதமரும் ஒரு பெண். 14ஆம் இலக்கச் சட்டத்தில் அந்த ஒரு பிரிவைச் சேர்க்கும் திருத்தத்தை அவர்கள் கட்சி பாராமல் சேர்ந்து கொண்டுவர வேண்டும்.